ஆ பாட்டிலின் நிறம்

ஜூன் 9, திங்கள்

இடுப்பில் மூன்று அங்குலம் குறைந்திருக்கிறேன். நானாகச் சொல்லவில்லை, தங்கையின் அளவு நாடா சொல்கிறது. தையல்கடைக்காரியின் நாடாவுக்குத் தாட்சண்யமே கிடையாது. போன வருடம் கடையில் நாலு பேர் நிற்கும்போது இதே நாடாதான் என் மானத்தை வாங்கியது.

"என்னக்கா பண்ற? யோகாவா, பட்டினியா?"

"ஒண்ணும் இல்லடி. அதுவா குறையுது."

"அதுவா எப்படிக் குறையும்? எனக்கும் சொல்லித்தா. நான் என்ன போட்டிக்கா வரப்போறேன்?"

உண்மையிலேயே ஒன்றும் செய்யவில்லை. சொல்லப்போனால் முன்பைவிட இரண்டு பங்கு சாப்பிடுகிறேன். நாற்பது வயதில் உடம்பு திடீரென்று நல்ல புத்தி வந்து என்னோடு ஒத்துழைக்கிறது போலும். கேள்வி கேட்காமல் அனுபவித்துக்கொள்வதாக முடிவு. நான்கு சட்டைகளையும் பிடித்துத் தைக்கக் கொடுத்துவிட்டு, கடைக் கண்ணாடியில் பக்கவாட்டில் நின்று இரண்டு முறை பார்த்துக்கொண்டேன்.

கல்லூரியில் எனக்கு 'மைட்டோ மேடம்' என்று பட்டப்பெயராம். இன்றுதான் காதில் விழுந்தது. மைட்டோகாண்ட்ரியாவைப் பற்றி ஒரு வாரம் விடாமல் பேசியதற்குக் கூலி. பரவாயில்லை. வேதியியல்காரருக்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.

ஜூன் 12, வியாழன்

மூன்று வகுப்பு, ஏழு பாட்டில் தண்ணீர். என்ன வெயில் இது. வெயிலே இல்லை என்கிறார் வீட்டுக்காரர்.

ஜூன் 17, செவ்வாய்

இன்று முதலாண்டுக்குச் செய்முறை வகுப்பு. சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. நீல நிறக் கரைசலில் எட்டுச் சொட்டு விட்டுச் சூடாக்க வேண்டும். சர்க்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே இருக்கும். இருந்தால் பச்சை, மஞ்சள் என்று மாறும். நிறைய இருந்தால் செங்கல் சிவப்பு. மேசைக்கு இரண்டு பாட்டில், அ, ஆ. எதில் சர்க்கரை என்று கண்டுபிடித்து எழுதினால் பத்து மதிப்பெண்.

பதினொரு வருடமாக அந்த இரண்டு பாட்டிலும் என் உபயம்தான். காலையில் நான் கொண்டுபோவதை ஆய்வக அக்கா இரண்டாகப் பிரித்து, அ பாட்டிலில் மட்டும் குளுக்கோஸைக் கரைத்து வைப்பார். எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாத ரகசியம். தெரிந்தால் ஒரு பிள்ளையும் அந்தப் பாட்டிலைத் தொடாது.

நான் சரியாகக் கவனிக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். இரண்டு மணி நேரத்தில் நான்கு முறை கழிப்பறைக்கு ஓடினேன். குடிக்கிற தண்ணீர் எங்கேதான் போகும்?

மாலையில் நோட்டுகளைத் திருத்தினேன். எல்லா மேசையும் ஒரே மாதிரி, 'அ — உண்டு, ஆ — இல்லை'. ஒரே ஒருத்தி மட்டும் 'அ — செங்கல் சிவப்பு, ஆ — செங்கல் சிவப்பு' என்று எழுதியிருக்கிறாள். வேறு யார், நம் சந்தேகம்தான். முதல் நாளே எழுந்து நின்று, "செல்லுக்கு உயிர் இருக்குன்னா, அதுக்குள்ள இருக்கிற ஒவ்வொண்ணுக்கும் உயிர் இருக்கா மேடம்?" என்று கேட்டவள். வகுப்பே சேர்ந்து அவளுக்குச் சூட்டிய பெயர் அது.

பத்துக்கு இரண்டு போட்டு, 'சோதனைக் குழாயை ஒழுங்காகக் கழுவவும்' என்று சிவப்பில் எழுதினேன். நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிற வழியில் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், கழுவிட்டுத்தான் செஞ்சேன். ரெண்டாவது தடவையும் அதே கலர்தான் வந்துச்சு."

"ஆ பாட்டில்ல சர்க்கரை இல்லம்மா. எனக்கு நல்லாத் தெரியும்."

"எப்படி மேடம் தெரியும்?"

எப்படிச் சொல்வது? "தயாரிச்சவங்களுக்குத் தெரியாதா?" என்று சொல்லி நடையைக் கட்டினேன். பொய்யில்லையே.

ஜூன் 18, புதன்

சந்தேகத்தின் முகம் காலையிலும் அப்படியே இருந்தது. அழவில்லை, கோபப்படவில்லை. நான் சொன்னதை நம்பவில்லை, அவ்வளவுதான். நாமே செய்து காட்டிவிட்டால் போச்சு என்று மதிய இடைவேளையில் ஆய்வகத்துக்குப் போனேன். புதுக் குழாய், புதுக் கரைசல், புதிதாக எடுத்த ஆ.

கொதித்தது. நீலம் போச்சு. பச்சை வந்தது. அதுவும் போச்சு. மஞ்சள். ஆரஞ்சு. அடியில் செங்கல் பொடி மாதிரி படிந்தது.

கரைசல் கெட்டிருக்கும் என்றேன். ஆய்வக அக்கா ஒரு சின்னப் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போனார், திரும்பி வந்தார், அதே கரைசலில் அதே எட்டுச் சொட்டு. கொதிக்கக் கொதிக்க நீலமாகவே இருந்தது. அவருடையது.

"மேடம், நீங்க சாயங்காலம் வரைக்கும் இருக்க வேணாம். இப்பவே டாக்டர்ட்ட போங்க."

தாகம். பசி. கழிப்பறை. மூன்று அங்குலம். இந்த நாலையும் வரிசையாகக் கேள்வித்தாளில் கொடுத்து 'இது என்ன நோய்?' என்று கேட்டால் முதலாண்டுப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். நான்தானே சொல்லிக்கொடுத்தேன். எனக்கு எங்கே போச்சு புத்தி? கண்ணாடி முன்னாடி நின்னு அழகு பாத்துட்டு இருந்தேனே.

ஜூன் 19, வியாழன்

வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை முந்நூற்றுப் பதினொன்று. நூறை ஒட்டி இருக்க வேண்டியது.

மருத்துவர் நல்ல மாதிரி. "இந்த வயசுல நிறைய பேருக்கு வர்றதுதான்" என்றார். இன்சுலின் சுரந்தாலும் செல்கள் அதன் பேச்சைக் கேட்காத வகை. மாத்திரை, நடைப்பயிற்சி, வாய்க்கட்டு.

வீட்டுக்காரர் வழக்கம்போல் மனக்கவலையைக் கையில் காட்டினார். அவர் லிஃப்ட் மெக்கானிக். எதையாவது கழற்றி மாட்டினால்தான் நிம்மதி. நன்றாக இருந்த சமையலறைக் குழாயைக் கழற்றினார். இப்போது அது ஒழுகுகிறது.

ஜூன் 20, வெள்ளி

சந்தேகத்தை ஆய்வகத்துக்கே கூப்பிட்டேன்.

"நீ எழுதினது சரி. ஆ பாட்டில்லயும் சர்க்கரை இருந்துச்சு."

"அப்ப மிஸ்டேக்கா கலந்துட்டாங்களா மேடம்?"

"யாரும் கலக்கல. அது என்னோடது."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் ஏதேதோ ஓடியது. ஆறுதலாக ஏதாவது சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அப்ப மார்க் மேடம்?"

பத்துக்குப் பத்து போட்டேன். என் சிவப்பு எழுத்தை அடித்து, கீழே கையெழுத்தும் போட்டேன். நோட்டை வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பி, "டாக்டரப் பாத்துட்டீங்களா மேடம்?" என்றாள். பார்த்துவிட்டேன் என்றேன். "ரெண்டு டாக்டரப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். எதையும் இரண்டு தடவை செய்கிறவள் அல்லவா.

பிறகு மற்றவர்கள். எல்லாக் குழாயும் சிவந்திருக்க வேண்டுமே, எல்லா நோட்டிலும் 'இல்லை' எப்படி வந்தது? கடைசி மேசைக்காரன், எப்போதும் தூங்கி வழிகிற முகம், எழுந்து உண்மையைச் சொன்னான். "சீனியர் நோட்ல அப்படித்தான் மேடம் இருந்துச்சு. எங்களுக்குச் செவப்பாத்தான் வந்துச்சு. நாங்கதான் தப்பா செஞ்சுட்டோம்னு நெனச்சோம்."

திட்ட வாயெடுத்தேன், வரவில்லை. நாலு வாரமாக என் உடம்பு காட்டியதை நான் எந்த நோட்டைப் பார்த்து எழுதினேன்? எல்லோரும் திரும்பச் செய்யுங்கள் என்றேன். இந்த முறை பாட்டில் ஆய்வக அக்காவுடையது.

ஜூலை 2, புதன்

மாத்திரை ஒழுங்காகத்தான் போடுகிறேன். நடக்கிறேன். இனிப்பின் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. சர்க்கரை மட்டும் அசையமாட்டேன் என்கிறது. மாடி ஏறினால் கால் என்னுடையது மாதிரியே இல்லை.

காலையில் வீட்டுக்காரர், "வீட்டுல நகப்பூச்சு அழிச்சியா? அந்த வாசனை வருது" என்றார். நகப்பூச்சு போட்டே பல வருடம் ஆகிறது.

மாலையில் சட்டைகளை வாங்கப் போனேன். பிடித்துத் தைத்த சட்டையே தொளதொளவென்று இருந்தது. தங்கை நாடாவைப் போட்டுப் பார்த்தாள். இன்னும் ஒன்றரை அங்குலம். இந்தத் தடவை அவள் கேலி செய்யவில்லை. நாடாவைச் சுருட்டி மேசைமேல் வைத்தாள்.

"இது எளைக்கிறது இல்லக்கா. கரையறது."

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. வாசனை — என் மூச்சில் வருகிற வாசனை. இன்றைக்குத்தான் வகுப்பில் சொன்னேன்: இன்சுலின் வந்து தட்டினால்தான் தசைச் செல், குளுக்கோஸுக்கு வழிவிடும். அது வரவில்லையென்றால் ரத்தம் முழுக்கச் சர்க்கரை ஓடும், செல் பட்டினி கிடக்கும். பட்டினி கிடக்கிற உடம்பு கொழுப்பை அள்ளி எரிக்கும். அளவுக்கு மீறி எரித்தால் கீட்டோன் என்ற கழிவு சேரும், மூச்சில் அந்த வாசனை வரும், ரத்தம் புளித்துப் போகும், உயிருக்கே ஆபத்து. இவ்வளவையும் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு எழுதிவிட்டு, சாக்பீஸ் தூசியைத் தட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள் நான்.

செல்கள் பேச்சைக் கேட்காத கதை இல்லை இது. பேசவே ஆளில்லை. என் உடம்பில் இன்சுலினே சுரக்கவில்லை.

தங்கை கடையைப் பூட்டிவிட்டாள். சாவியைப் பையில் போட்டுக்கொண்டே, "நடக்க முடியுமா, ஆட்டோ பிடிக்கட்டுமா?" என்றாள். ஆட்டோவில் இருக்கும்போதுதான் இதைக் கிறுக்குகிறேன். எழுத்து கோணல், மன்னிக்கவும் — படிக்கப்போவதும் நான்தான்.

ஜூலை 5, சனி

மருத்துவமனையில் நான்காம் நாள். கையில் டிரிப்ஸ் ஏறுகிறது. கீட்டோன் இறங்குகிறது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் என்று ஆரம்பித்த செவிலியர், தங்கையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஜூலை 9, புதன்

மருத்துவமனையின் ஹார்மோன் மருத்துவர், சொந்த உடம்பையே குறிவைக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கச் சோதனை எழுதியிருந்தார். முடிவு வந்துவிட்டது.

கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை கிருமிகளைக் கொல்ல வேண்டிய என்னுடைய டி செல்களே தேடித் தேடிக் கொன்றிருக்கின்றன. கிருமி என்று நினைத்து. எத்தனை நாளாக நடக்கிறதோ. பெரும்பாலும் சின்ன வயதில் வருவது, பெரியவர்களுக்கும் வரும், அப்போது முதல் பார்வையில் மற்ற வகை மாதிரித் தெரியும் என்றார். மாத்திரை போதாது. இனிமேல் இன்சுலின் ஊசிதான்.

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டார் வீட்டுக்காரர். மருத்துவர் என்னைப் பார்த்தார். நான்தான் பதில் சொன்னேன். "இனிமே எப்பவும்."

பதினொரு வருஷமா சொல்லிக்குடுக்கிறேன். 'தன்னைத்தானே தாக்கும் நோய்கள்.' புத்தகத்துல ஒரு பத்தி. அஞ்சு மார்க் கேள்வி. காரணம் மூணு எழுதினா மூணு மார்க், உதாரணம் ரெண்டு எழுதினா ரெண்டு மார்க். எத்தனை பிள்ளைகளுக்கு அதுல அரை மார்க் கொறச்சிருப்பேன்.

எனக்கு நான் என்ன பண்ணேன்? ஏன் என்னைய எனக்கே அடையாளம் தெரியாமப் போச்சு?

போதும். தூங்கப் போகிறேன்.

ஜூலை 11, வெள்ளி

வீட்டுக்கு வந்தாச்சு. ஊசி போடப் பழக வீட்டுக்காரரிடம் ஓர் ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்தனுப்பியிருந்தார் செவிலியர். முப்பது மாடி லிஃப்ட் குழிக்குள் கம்பியைப் பிடித்துத் தொங்குகிற மனிதர். ஆரஞ்சுக்கு முன்னால் ஊசியை மூன்று முறை எடுத்து மூன்று முறை கீழே வைத்தார்.

"அதுக்கு வலிக்காதுங்க."

"எனக்கு வலிக்குதே" என்றார்.

கடைசியில் நானே போட்டுக்கொண்டேன். வயிற்றில், பக்கவாட்டில். முனை முடி மாதிரி மெலிசு. எறும்பு கடித்த அளவுகூட இல்லை. அவர் ஆரஞ்சை உரித்தார். நான் இரண்டு சுளை எடுத்துக்கொண்டேன், மீதியெல்லாம் அவருக்கு. அவருக்குத்தான் சத்து தேவைப்பட்டது.

ஜூலை 13, ஞாயிறு

நன்றாகத் தூங்கினேன். கழிப்பறைக்கு எழவே இல்லை. இதையெல்லாம் ஒரு சாதனையாக எழுதுவேன் என்று நினைத்ததே இல்லை.

ஜூலை 23, புதன்

நோய் எதிர்ப்புப் பாடம் இன்றைக்குத்தான் வர வேண்டுமா? அந்த ஒரு பத்தியை மட்டும் 'நீங்களே படிச்சுக்குங்க' என்று விட்டுவிடலாமா என்று காலை முழுக்க யோசித்தேன். பக்கத்து வகுப்பு உயிரியல்காரரிடம் தள்ளிவிடலாமா என்றுகூட.

தைமஸ் வரை நல்லபடியாகப் போனது. டி செல்கள் தைமஸ் சுரப்பிக்குள் பாடம் படிக்கின்றன. நம் உடம்பின் பொருளைக் காட்டினால் பாய்கிறவை அங்கேயே அழிக்கப்படுகின்றன. தேறியவைதான் வெளியே வரும். ஆனால் சிலது தப்பித்துவிடும். தப்பித்தவற்றை அடக்கி வைக்க வேறு செல்களும் உண்டு, எப்போதாவது அந்தக் காவலும் தவறும். "உதாரணமா—" என்று சொல்லி நின்றேன்.

வாய் தானாகவே சொன்னது. "உதாரணமா, நான்."

எல்லாவற்றையும் சொன்னேன். ஆ பாட்டில், மூன்று அங்குலம், நகப்பூச்சு வாசனை, எதிர்ப்பொருள். பாட்டில் பதினொரு வருடமாக யாருடையது என்று தெரிந்ததும் முன்வரிசையில் இரண்டு பேர் கையை முகர்ந்து பார்த்தார்கள். அதற்கு வகுப்பு சிரித்த சிரிப்பில் எனக்கும் மூச்சு வந்தது.

சந்தேகம் எழுந்தாள். "அந்த டி செல் ஏன் மேடம் தப்பிச்சுது?"

"பரம்பரையில ஒரு பங்கு இருக்கலாம். ஏதோ கிருமி தூண்டிவிட்டிருக்கலாம். ஆனா எனக்கு ஏன், இப்ப ஏன்னு யாருக்கும் முழுசாத் தெரியலம்மா."

"அப்ப நோட்ல என்ன எழுதறது?"

"தெரியலன்னு எழுது."

எழுதினாள். எட்டிப் பார்த்தேன். 'முழுக் காரணம்: தெரியவில்லை (இன்னும்).' அந்த 'இன்னும்' நான் சொன்னது இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

இன்று தப்பித்தது பெரிய விஷயம்.

காலை ஊசி போட்டேன். வழியில் பேருந்து நின்றுபோனது, பாதி தூரம் நடந்தேன், சாப்பிடக் கொண்டுபோன ரொட்டியைப் பையிலேயே மறந்தேன். இரண்டாம் வகுப்பில் கிளைகாலிசிஸ், அதாவது செல் குளுக்கோஸை உடைக்கிற கதை. முதல் படியில் ஹெக்சோகைனேஸ் என்ற நொதி. எழுதினேன். வியர்த்தது. பலகை கொஞ்சம் தள்ளிப் போன மாதிரி இருந்தது. எழுதிக்கொண்டே இருந்தேன்.

"மேடம்."

கடைசி மேசைத் தூங்குமூஞ்சி. எழுந்து பாதி தூரம் வந்துவிட்டிருந்தான்.

"மேடம், ஹெக்சோகைனேஸ்னு நாலு தடவை எழுதிட்டீங்க."

திரும்பிப் பார்த்தேன். உண்மைதான், ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. நாற்காலியை இழுத்து என்னை உட்கார வைத்தான். யாரோ பழரசப் பொட்டலத்தைப் பிரித்துக் கையில் கொடுத்தார்கள். ஆய்வக அக்காவும் ஓடிவந்தார். பத்து நிமிடத்தில் பலகை தன் இடத்துக்குத் திரும்பியது. ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் விட்டதில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிப் போயிருக்கிறது.

நோட்டுகளைப் பார்த்தேன். வகுப்பில் பாதிப் பேர் ஹெக்சோகைனேஸை அப்படியே நான்கு முறை எழுதியிருக்கிறார்கள். அவன் நோட்டில் இரண்டு தடவையோடு நின்றிருந்தது.

"ரெண்டாவதுலயே டவுட் வந்துச்சு மேடம். உங்க மூஞ்சியப் பாத்தேன்."

இன்று முதல் பையின் எல்லா அறையிலும் குளுக்கோஸ் மிட்டாய். தங்கை நான்கு சட்டைக்கும் உள்பை தைத்துத் தருகிறாளாம்.

ஆகஸ்ட் 21, வியாழன்

தினமும் சர்க்கரை அளவை எழுதிவைக்கிற என் கணக்கேட்டைப் பார்த்துவிட்டு ஹார்மோன் மருத்துவர் ஊசியின் அளவைக் குறைத்தார். இன்சுலின் வெளியிலிருந்து கிடைத்ததும், மிச்சம் இருக்கும் பீட்டா செல்களுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்து, அவையும் வேலைக்குத் திரும்பியிருக்கின்றனவாம்.

"இதுக்கு நாங்க தேனிலவுக் காலம்னு சொல்லுவோம்" என்றார்.

"எங்களுக்குக் கல்யாணம் ஆகிப் பதினாலு வருஷம் ஆகுது டாக்டர்" என்றார் வீட்டுக்காரர், ரொம்ப சீரியஸாக.

மருத்துவர் சிரித்து முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார், இது சில மாதம் இருக்கலாம், ஒரு வருடம் இருக்கலாம், ஆனால் முடிந்துவிடும். அப்போது மனம் தளரக் கூடாது. தெரியும் என்றேன். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் இவர், "அப்ப எங்க போலாம்? தேனிலவுன்னா எங்கயாவது போகணும்ல" என்று நச்சரித்துக்கொண்டே வந்தார்.

செப்டம்பர் 3, புதன்

சந்தேகம் இன்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உடம்பு சரியில்லையா என்று விசாரித்தேன். தொண்டை வலியாம். நோய் எதிர்ப்பு வேலை நடக்கிறது என்று சைகையில் சொன்னாள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஏரிக்குப் போனோம். தேனிலவாம். கூடவே தங்கையும் வந்தாள், அது எந்த ஊர்த் தேனிலவோ.

மூன்று பேரும் மிதிபடகில் ஏறினோம். ஏரியின் நட்டநடுவில் மிதி கழன்று காலோடு வந்துவிட்டது. இவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். "ஒரே நிமிஷம்" என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக் குனிந்தார். முக்கால் மணி நேரம். இருந்த ஒரு மரையாணியும் தண்ணீருக்குள் போனது. "முப்பது மாடி ஏத்தி இறக்கறவருக்கு முழங்கால் ஆழத் தண்ணியில ஒரு மிதிய மாட்டத் தெரியல" என்று தங்கை ஆரம்பித்தாள். இவர் சங்கிலியின் அமைப்பே தப்பு என்றார். நான் நடுவர். அந்தச் சண்டையிலேயே சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து, ரொட்டியும் முட்டையும் தின்று முடித்தோம். காற்று நன்றாக இருந்தது. ஒரு நீர்க்கோழி கொஞ்ச நேரம் எங்களைச் சுற்றி வந்துவிட்டு, தேறாத கேஸ் என்று போய்விட்டது.

கடைசியில் படகுக்காரர் வந்து கயிறு கட்டி இழுத்துப் போனார். மாடு மாதிரி மூன்று பேரும் பின்னால் வந்தோம். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது.

கரையேறியதும் இவர் திடீரென்று முகம் மாறி நின்றார்.

"சாப்பிடறதுக்கு முன்னாடி ஊசி போட்டியா நீ?"

எனக்கும் ஒரு நிமிடம் நினைவில்லை. பையைத் திறந்து பார்த்தேன். பயன்படுத்திய முனையைப் போடும் டப்பாவில், காலையில் போட்டதற்குப் பக்கத்தில் இன்னொன்று கிடந்தது. மரையாணி தண்ணீரில் விழுந்த நேரத்தில் போட்டுக்கொண்டேன் போலும்.

"போட்டிருக்கேன்" என்றேன். அவர் தங்கையிடம் திரும்பி, சங்கிலி விஷயத்தை விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.